தொடாத துகள்கள்

நுண்ணோக்கியின் கீழே, திரவப் படிகத்தில் மிதந்துகொண்டிருந்த இரண்டு இரும்புத் துகள்கள், காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்ததும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. ஆனால் தொடவில்லை. மயிரிழை இடைவெளியில் அப்படியே நின்றுவிட்டன.

“இவ்ளோ கிட்ட வந்தும் ஏம்மா ஒட்ட மாட்டேங்குது?” என்றார் பேராசிரியர்.

“துகள் மேல தப்பில்ல சார். நடுவுல இருக்கற திரவம் விடாது,” என்றாள் அவருடைய ஆய்வு மாணவி இளவேனில். அந்தப் பதில் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கட்டுரையின் முடிவுரையிலும் அதையே எழுதச் சொன்னார்.

கட்டுரை வெளியானதும் ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் வீட்டில் விருந்து. மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டு வந்தது. இளவேனிலுக்கு மட்டும் பேப்பர் தட்டு. பார்த்தவர்கள் தங்கள் தட்டின் மேல் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் திடீரென்று நல்ல பசி.

பேராசிரியர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மனசுல வச்சுக்காதம்மா. நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல. வீட்ல பெரியவங்க இருக்காங்க, அதான்...”

“தெரியும் சார். துகள் மேல தப்பே இல்ல.”

அவர் சிரிக்கப் பார்த்தார். ரசத்தில் ஊறிய தட்டு அவள் கையில் மெல்ல வளையத் தொடங்கியது.