பழசு வேண்டாங்க

காந்திபுரம் கடையில் இரண்டு சின்னக் கிடார்கள் மேசைமேல் கிடந்தன. ஒன்று வெள்ளைக்காரர் காலத்தது. மற்றது அதே அச்சில் இந்த வருஷம், தொண்ணூற்றாறில், செய்தது. வார்னிஷ் வாசனைகூட இன்னும் போகவில்லை.

“பழசுல மரம் நல்லாக் காஞ்சிருக்கு, சத்தம் தேனாட்டம் வருமுங்க,” என்று மீட்டிக் காட்டினார் கடைக்காரர் ஞானமுத்து.

மகனுக்குக் கிடார் வாங்க வந்த வெங்கடபதி, தொடப்போன கையை நிறுத்தினார். “யாரு வெச்சிருந்ததுங்க?”

பொய் சொல்ல ஞானமுத்துவுக்கு வாய் வரவில்லை. “பக்கத்து லாட்ஜுல காய்ச்சல்ல போயிட்ட பையனோடதுங்க. பொய்ப் பேர்ல தங்கியிருந்தானாம். தேடி யாருமே வரலீங்க.”

“ஐயோ, எழவு ஊட்டுச் சாமான் வேண்டாங்க! கிடாரும் கையுமாத் திரியறான்னு எம்பையனை நாந்தான் தொரத்திப்போட்டேன். ரெண்டு வருசமாச்சு. இந்தத் தீவாளிக்காச்சும் வருவான். புதுசையே குடுங்க.”

ஞானமுத்து புதியதை உறையில் போடப்போனார்.

“இருங்க, அவன் பேரை எழுதிக் குடுங்க. துளைக்குள்ள எழுதுங்க. அவன் எதுலயும் பேரை உள்பக்கந்தான் எழுதுவான். வெ. கிரிதரன்.”

பேனாவைத் திறந்த ஞானமுத்து எழுதவில்லை. அந்தப் பெயரை அவர் ஏற்கெனவே படித்திருந்தார், பழைய கிடாரின் துளைக்குள்.

“ஏனுங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். “கொஞ்சம் உக்காருங்க.”