மோர் குடித்த வாய்

“ஓட்டாவது ஒண்ணாவது! மண்டை காயுது. நான் வீட்டுக்குப் போறேன்.”

வரிசையிலிருந்து இன்னொருவரும் விலகினார்.

குருசாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் இப்படிப் போய்விட்டார்கள். அத்தனை பேரும் அவருடைய ஆட்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் முனிசிபல் எலெக்‌ஷன். சித்திரை வெயில். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றாலும், வரிசை சத்திரத்து வாசலைத் தாண்டித் தேரடி வரைக்கும் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய், தாசில்தார் முன்னால் நின்று, தன் ஓட்டு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தாசில்தாரோ வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

போட்டி இரண்டே பேருக்குள்தான். நூல் கடை குருசாமி, தோல் மண்டி பீர் மைதீன். பீர் மைதீனின் ஆட்கள் சந்தையிலும் வண்டிப் பேட்டையிலும் பிழைக்கிறவர்கள். வெயிலில் நிற்பது அவர்களுக்குப் புதிதல்ல. குருசாமியின் ஆட்கள் கடை நிழலைவிட்டு நகராதவர்கள். வெயில் இப்படியே அடித்தால் பீர் மைதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றே ஜெயித்துவிடுவார்.

“ஏ மாப்ளே, போறவியள மறிச்சு நிறுத்து!” என்று மச்சினன் தனுஷ்கோடியை விரட்டினார் குருசாமி.

“மறிச்சாலும் நிக்க மாட்டேங்காவ அத்தான். நாக்கு வறளுதாம்.”

அந்த நேரத்தில்தான் பால்கார ஆவுடையம்மாள் தலையில் மோர்ப்பானையோடு வந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பானை.

வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் கையேந்தும் முன்பே கேட்டார். “யாரு வீட்டு மோரு?” எல்லார் வீட்டு மோரும் அவர் தொண்டையில் இறங்கிவிடாது.

“குருசாமி மொதலாளி ஊத்தச் சொன்னாவ.”

“அப்பச் சரி, ஊத்து.”

குருசாமி திகைத்தார். அவர் சொல்லவில்லை. மச்சினன் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குள் நாலைந்து பேர் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்கள். கும்பிட்ட பிறகு எங்கே கேட்பது?

“குடிங்க, குடிங்க. எம்புட்டு வேணும்னாலும் குடிங்க. நம்ம வீட்டு மோருதான்” என்றார்.

உப்புப் போட்டு இஞ்சி தட்டிய மோர். சேதி கேட்டு, வீட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பீர் மைதீனின் ஆட்களும் வாங்கிக் குடித்தார்கள். வண்டிப்பேட்டை சமுத்திரம் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“சாயபு பேரச் சொல்லணும்னுதான் வந்தேன். இப்ப, மோரு குடிச்ச வாயால எப்படி மாத்திச் சொல்ல?”

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாவ?” என்று குருசாமியே எடுத்துக் கொடுத்தார்.

உச்சி வெயில் வருவதற்குள் மோர் தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார். வரிசையின் நடுவே நின்ற பீர் மைதீன் பக்கம் திரும்பினார்.

“என்ன சாயபு, நீரும் கைய நீட்டலாம்லா? எதிராளி மோரு கசக்குமோ?”

எல்லாரும் சிரித்தார்கள்.

பீர் மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எல்லாரும் குடிக்கட்டும் அண்ணாச்சி. நான் பொறவு குடிக்கேன்.”

“பாத்தியளா திமிர! தோல் மண்டியில அம்புட்டுச் சம்பாதிச்சு என்னத்துக்கு? வெயில்ல நிக்கவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வரல. இவிய கவுன்சிலரா வந்து ஊருக்குத் தண்ணி குடுக்கப் போறாவளாம்!”

சிரிப்பு இன்னும் பலத்தது. பீர் மைதீன் தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடையம்மாள் கை தவறி ஒரு செம்பு மோரைக் கீழே சிந்தினாள்.

“பாத்து ஊத்து ஆவுடை! சும்மாவா வருது?” என்று அதட்டினார் குருசாமி. கத்திக் கத்தி, வரிசை முடியும்போது அவர் தொண்டையும் வறண்டிருந்தது. பானையைச் சரிக்கச் சொல்லி ஒரு செம்பு வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் குருசாமி கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். மேளமும் மாலையுமாகத் தெருவைச் சுற்றிவந்து வீட்டு வாசலில் நின்றபோது மச்சினன் முதுகைத் தட்டினார்.

“எல்லாம் அந்த மோருதான் மாப்ளே. நல்ல யோசனை செஞ்ச.”

“நானா? நீங்கன்னுல்லா நெனச்சேன் அத்தான்!”

குருசாமி மேளத்தை நிறுத்தச் சொன்னார். காலிப் பானையோடு தெருவில் போய்க்கொண்டிருந்த ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார்.

“மோரு ஊத்தச் சொன்னது யாரு?”

அவள் பானையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“சொல்லு ஆவுடை.”

“பீர் மைதீன் சாயபு. ‘எம் பேரச் சொன்னா பாதிப் பேரு குடிக்க மாட்டாவ. குருசாமி அண்ணாச்சி பேரச் சொல்லு, எல்லாரும் குடிப்பாவ’ன்னாவ.”

குருசாமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலையைக் கழற்றினார்.

“அம்புட்டுப் பேரு முன்னால நான் அப்படிப் பேசுறேன். அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அந்த மனுசன்?”

“நானும் அதத்தான் கேட்டேன் மொதலாளி. ‘வரிசையில இன்னும் ஆளுக நிக்காவ, இப்பச் சொன்னா அவிய குடிக்க மாட்டாவளே’ன்னாவ.”

“பொறவு குடிக்கேன்னாரே...” குருசாமி மாலையை மச்சினன் கையில் கொடுத்தார். “குடிச்சாரா?”

ஆவுடையம்மாள் காலிப் பானையைப் பார்த்தாள்.

“கடைசியாக் கிடந்த ஒரு செம்ப நீங்கதான மொதலாளி வாங்கிக் குடிச்சிய.”