கழுத்துப் பட்டன்

பிலோமின்ராஜ் வடக்கே பனிமலை ஏறக் கிளம்பிய அன்று, மனைவி செல்வமேரி தான் பின்னிய ஸ்வெட்டரை நீட்டினாள்.

“கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கங்க.”

“மலைக்கோட்டையத் தெனமும் ஓடியே ஏறுறேன் மேரி. எனக்குப் போய் ஸ்வெட்டரா?”

சிரித்தபடி அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கூடப் போன நண்பர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். பனிக்காற்று வீசத் தொடங்கிய பிறகும், “இன்னும் கொஞ்சம்தான்” என்று பருத்திச் சட்டையோடு மேலே ஏறினாராம். உடல்கூடக் கிடைக்கவில்லை. அது 1958, மே மாதம்.

மறுவருஷம் அதே மே மாதம். மன்னார்புரமே வெயிலில் வெந்துகொண்டிருக்க, ஆணியில் தொங்கிய ஸ்வெட்டர் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மடிப்புகளில் பொடிப் பனி. பட்டன்கள் திறந்தே கிடந்தன. காயவைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள். பிறகு வருஷா வருஷம் அப்படித்தான்.

“கத்திரி வெயில்ல கம்பளியத் துவைக்கிறீங்களே?” என்பாள் பக்கத்து வீட்டு இருசம்மாள்.

“துவைக்கலைங்க. காயத்தான் போடுறேன்.”

இந்த வருஷம் ஸ்வெட்டரை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தது.

“இப்பவாச்சும் சொன்ன பேச்சைக் கேட்டீங்களே” என்றவள், பட்டனை அவிழ்க்காமலே அதைக் கொடியில் போட்டாள்.