ஒன்று பூஜ்யமான வரி

அறிக்கையில் அந்தச் சொல்லை மறுபடி பார்த்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'பணியாளரின் அலட்சியம்.'

கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்காக ஒரு கோடு காலியாக இருந்தது. லிப்ட் கதவுகளை இயக்கும் புரோகிராமைச் சோதிப்பது அவள் வேலை. மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பிரிவுத் தலைவர்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், துப்புரவுப் பணியாளர் ஒருத்தி வாளி வண்டியை லிப்ட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறாள். சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியைத் தூக்கினாள். கதவு மூடியது.

இரண்டு விரல்கள் போயின.

லிப்ட்டின் பதிவில் அதைப் பற்றி இருந்தது ஒரே வரி. 'கதவு மூடியது. இயல்பு.'

இயல்பாம்!

நான்கு நாட்களாக அவள் டீபக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓடுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, உள்ளே நடப்பதைக் காட்டுகிற கருவி அது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சில வரிக் கட்டளைகளாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் போதும், அதையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துச் சொல்லும். புரோகிராம் எழுதுகிறவர்கள்தான் அதை வைத்திருந்தார்கள். அவள் பிரிவில் யாரும் தொட்டதுகூட இல்லை. அவளுக்குச் சொல்லித்தர ஆளும் இல்லை. கருவியோடு வந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் பன்னிரண்டு ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டி, ஒவ்வொன்றாக உடைத்து, தானாகவே படித்துக்கொண்டாள்.

"இன்னும் அரிச்சுவடிதானா?" பக்கத்து மேஜைக்காரன் தினமும் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள்.

முதல் மாதிரி, எந்தப் பகுதி ஓடுகிறது என்று மட்டும் சொன்னது. அடுத்தது, எத்தனை தடவை என்று எண்ணியது. நான்காவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மதிப்பு மாறும்போதெல்லாம் பழையது என்ன, புதியது என்ன, மாற்றியது எந்த வரி என்று அது காட்டிக்கொடுத்தது.

கதவுக்கு நடுவில் ஏதாவது இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். புரோகிராமில் அப்படி ஒரு மதிப்பு உண்டு. மாதிரியில் இருந்த பெயரை அழித்துவிட்டு அதன் பெயரைப் போட்டாள். விபத்து நடந்த நாளில், கதவிடுக்கில் கை கால் இருந்தால் உணரும் சென்சார் அனுப்பிய சமிக்ஞைகள் லிப்ட்டின் நினைவகத்தில் அழியாமல் இருந்தன. அவற்றை மறுபடி ஓடவிட்டாள்.

திரையில் ஆயிரக்கணக்கில் வரிகள் கொட்டின. அன்றைக்கு ஏறி இறங்கிய அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

நிபந்தனை போடுவது எப்படி என்று ஏழாவது மாதிரியில் இருந்தது. அதிலிருந்து இரண்டு வரிகளைப் பிய்த்து எடுத்து ஒட்டினாள். சமிக்ஞை வந்துகொண்டிருக்கும்போதே ஒன்று பூஜ்யமானால் மட்டும் நில்.

மறுபடி ஓடவிட்டாள். அந்த முழு நாளிலும், ஒரே ஓர் இடத்தில் நின்றது.

சென்சார் கையைப் பார்த்திருந்தது. மூன்று முறை கதவு விலகி வழி விட்டிருந்தது. நான்காவது முறையும் கை அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஒரு வரி, ஒன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தை வைத்தது. கை இல்லை என்று அதுவே முடிவு கட்டிக் கதவை மூடியது.

வரிக்கு மேலே, அதைச் சேர்த்தவர் காரணமும் குறித்திருந்தார். 'கதவு தாமதமாகிறதென்று மேல்மாடி அலுவலகங்களிலிருந்து புகார். மூன்று முறைக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.'

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. மேலே இருந்தவர்களுக்கு அரை நிமிடம் நிற்கப் பொறுமையில்லை. விரலைப் பறிகொடுத்தவள் அலட்சியக்காரி!

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதையும் ஸ்கிரிப்ட்டையும் எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குள் போனாள்.

அவர் ஸ்கிரிப்ட்டை மேலோட்டமாகப் பார்த்தார். மாதிரியைப் பார்த்து எழுதியதில் எங்கேயாவது தப்பு நடந்திருக்கும் என்றார்.

"நான் சொல்றத நம்பவேணாம் சார். உங்க மெஷின்லயே ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார். அதே வரியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டினார். அதே வரி.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு போனை எடுத்து, அந்தப் புரோகிராம் ஓடுகிற எல்லா லிப்ட்டுகளையும் உடனே நிறுத்தச் சொன்னார். அறிக்கையை இழுத்து, 'பணியாளரின் அலட்சியம்' என்பதன் மேல் அழுத்திக் கோடு கிழித்தார். காகிதம் லேசாகக் கிழிந்தது.

அவள் கையெழுத்து இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. அதற்கு மேலே, எல்லா அறிக்கைகளிலும் அச்சாகியிருக்கும், யாரும் நிரப்பாத ஒரு கேள்வி: 'பாதிக்கப்பட்டவர் உங்களுக்கு உறவா?'

'ஆம். உடன்பிறந்த அக்கா' என்று அவள் எழுதியிருந்தாள்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஏம்மா, இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, ஓட்டிப் பாத்திருப்பீங்களா சார்?"