தேங்காய் கட்டிய தூண்

பர்மாவில், தன்லியின் என்ற ஊரிலுள்ள மரக்கோட்டையின் வாசலைத் தாங்கும் தூண்கள் இரண்டு. அவற்றில் வலப்பக்கத்துத் தூண் தேக்கு இல்லை என்பது வெளியே தெரிந்தால் சிவராஜுக்கு ஜெயில் நிச்சயம்.

பழைய காலத்து எல்லைக் கோட்டை ஒன்றை அச்சு அசலாகத் தேக்கில் திரும்பக் கட்டி, திறந்தவெளி அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். சிவராஜ் அதன் காவலாளி. போன மழைக்காலத்தில் வாசலைப் பழுதுபார்த்தபோது, அசல் தூணை ரங்கூன் லான்மடாவ் பேட்டைத் தரகன் ஒருவன் மூலம் விற்றுவிட்டு, அந்த இடத்தில் இலவ மரத்தை நட்டுத் தேக்கு நிறத்தில் வார்னிஷ் அடித்துவிட்டார். மனைவி கலைமணியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழி தெரியவில்லை. தூணும் போயிற்று, கலைமணியும் போய்விட்டாள். மிச்சம் மகள் அனு மட்டும்தான்.

இன்று மேலதிகாரி ஊ பா ஷின் சோதனைக்கு வருகிறார். கையில் சின்னச் சுத்தியல் வைத்திருப்பாராம். தட்டினால் தேக்கு ‘டங்’ என்னும். இலவம் ‘பொத்’ என்னும்.

காலையிலேயே சிவராஜ் தூணில் ஏறிச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்றைக் கட்டினார். வீட்டைக் காக்கும் நாட் சாமிக்குப் பர்மியர்கள் கட்டுவது அது. அதற்குக் கீழே குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழமும் குத்தினார்.

“எலுமிச்சம்பழம் எதுக்குண்ணே?” என்றான் டிக்கெட் கொடுக்கும் அஸ்கர்.

“நாட் சாமிக்குப் பயப்படலேன்னா முனீஸ்வரனுக்காவது பயப்படட்டும்.”

“நான் இதுல சேரமாட்டேன். எங்களுக்கு இது பாவம்.”

“நீ ஒண்ணும் சேர வேணாம். ஏணியை மட்டும் பிடி.”

ஊ பா ஷின் வந்தார். இடப்பக்கத்துத் தூணைத் தட்டினார். டங். வலப்பக்கம் திரும்பியவர் தேங்காயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது என்னப்பா?” என்று பர்மிய மொழியில் கேட்டார்.

“மழைக்காலத்துல ஒருத்தன் இந்தத் தூண்ல கால் வெச்சு ஏறினான், சயா. இறங்கினதும் காய்ச்சல்ல படுத்துட்டான். அப்புறந்தான் கட்டினோம்.”

“பொழைச்சானா?”

“பொழைச்சான். அதோ, அவன்தான். இன்னமும் ஏணியைக் கண்டா நடுங்கறான்.”

ஏணியோடு நின்ற அஸ்கர் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஊ பா ஷின் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். தூணுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

சிவராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு காரின் கதவு மறுபடி திறந்ததும் நின்றுபோனது.

“சிவராஜ், நீங்க மட்டும் இங்க வாங்க.”

அனுவை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்துக்கொண்டே சிவராஜ் காரருகே போய்க் குனிந்தார். ஊ பா ஷின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து இதே மாதிரி ஒண்ணு கட்டிட்டுப் போங்க. மழைக்காலத்துலேர்ந்து வீட்டுல ஆளுக்கு ஆள் காய்ச்சல்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க வித்த தூண் எங்க கூடத்துலதான் நிக்குது.”