மூன்றாவது அலாரம்

"எவன் வேலை இது? இப்பவே சொல்லிடுங்க. நானா கண்டுபிடிச்சா மரியாதை இருக்காது."

மேனேஜர் இளஞ்செழியன் மேஜையைத் தட்டியதில் டீ கொஞ்சம் சிந்தியது.

வேங்கிக்காலில் மாடியில் ஒரு சின்ன அலுவலகம். திருவண்ணாமலை லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். மேனேஜருக்கு எதிரே மூன்று பேர். பழைய ஆள் கோபி. போன மாதம் சேர்ந்த அக்ஷயாவும் சுஹைலும்.

"கோபி, நீ பார்த்ததைச் சொல்லு."

"சார், புரோகிராம் ஓடும்போது ஏதாவது ஏடாகூடமா ஆனா, அந்த இடம் ஒரு எக்ஸெப்ஷனைத் தூக்கி வீசும். இன்னொரு இடம் அதைப் பிடிச்சு அலாரம் அடிக்கும்..."

"நான் ஜாவா எழுத ஆரம்பிச்சப்ப நீ டவுசர் போட்டிருந்த. எனக்கே பாடமா? விஷயத்துக்கு வா."

"இங்க ஏடாகூடமா ஒண்ணுமே ஆகலை சார். புக்கிங் பாட்டுக்கு ஓடுது. சாயந்தரத்துல ரெண்டு வாட்டி, நேரம் பார்த்து சும்மாவே வீசுது. யாரோ வேணும்னே எழுதி வச்சிருக்காங்க."

எழுதியது யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டுப் பயனில்லை. சென்னையில் இருக்கிற முதலாளி சிக்கனக்காரர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின்.

பேச்சில் மட்டும் அவர் தாராளம். ஐந்து மணி மீட்டிங்கிற்கு வீடியோவில் வந்தால் ஏழரை வரை விடமாட்டார். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அலாரம் அடித்தால் மட்டும் ஓடலாம். மாதம் ஒரு தடவை மேனேஜரே அப்படி ஓடுவார். பெரிய எர்ரர் போலிருக்கிறது, மறுநாள் காலையில்தான் திரும்புவார்.

நேற்று முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'நாளைக்கு மீட்டிங்ல ஆள் யார்னு சொல்லணும். அதோட அவன் வீட்டுக்குப் போகட்டும்' என்று சொல்லிவிட்டார்.

"பொய்யா எக்ஸெப்ஷன் வீசறது இன்னா பழக்கம்? தீயே இல்லாம ஃபயர் சர்வீசுக்கு ஃபோன் போடற மாதிரி! என் சர்வீஸ்ல இப்படி ஒரு அசிங்கத்தைப் பார்த்ததே இல்லை" என்று மேனேஜர் அக்ஷயா பக்கம் திரும்பினார்.

"முதல் அலாரம் ஆறு மணிக்கு. அடிச்சதும் நீ டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓடற. பார்த்துட்டுதான் இருக்கேன்."

"நாங்க ஜெயின் சார். பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். அந்த கேப்ல ரெண்டு இட்லி சாப்பிட்டது நெஜம். ஆனா அந்த அலாரத்தை நான் வைக்கலை."

"ரெண்டாவது, கரெக்டா நோன்பு திறக்கிற நேரம். தம்பி சுஹைல், பாக்கெட்ல இன்னா?"

"பேரீச்சம்பழம் சார். அலாரம் அடிச்சப்ப நோன்பு திறந்தது நெஜம். ஆனா அதை நான் வைக்கலை."

"ஓஹோ! மலையிலேர்ந்து குரங்கு இறங்கி வந்து டைப் பண்ணிட்டுப் போச்சா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகப் போகிறது.

"சரி. ஆறு மணி அலாரத்துக்கு அக்ஷயா பேரைச் சொல்லிடறேன். பையை எடுத்து வச்சிக்கோம்மா."

அக்ஷயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டோடு இருந்து பார்க்கிற வேலை என்றுதான் பெங்களூரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவள்.

சுஹைல் எழுந்து நின்றான்.

"சார், ஆறு மணி அலாரம் நான் எழுதினது. மீட்டிங் முடியறதுக்குள்ள இருட்டிடுது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துட்டுப் போறாங்க. பார்க்கச் சங்கடமா இருந்துச்சு."

"நீயா?" என்றாள் அக்ஷயா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ரெண்டாவது என்னோடது சார். நாள் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காம உட்கார்ந்திருக்கான். முதலாளி மூச்சு விடாம பேசறாரு."

கோபிக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் முறைத்ததும் போய்விட்டது.

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காமலே ரெண்டு பேருக்கும் ஒரே ஐடியாவா? இந்தப் புத்தி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது வந்து சார், பழைய கோடுல ஏற்கெனவே ஒண்ணு..."

சுஹைல் முடிப்பதற்குள் சென்னையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. திரையில் முதலாளி.

"என்ன இளஞ்செழியன், ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சாச்சு சார். ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்."

"பேரைச் சொல்லுங்க."

இளஞ்செழியன் வாயைத் திறந்தார்.

அலாரம் அடித்தது.

மணி ஐந்தேகால்கூட ஆகவில்லை. அக்ஷயா சுஹைலைப் பார்த்தாள். சுஹைல் அக்ஷயாவைப் பார்த்தான்.

"இதுதான் சார் அந்தப் பழைய கோடு" என்றான் சுஹைல், திரைக்குக் கேட்காமல். "இதைப் பார்த்துதான் காப்பி அடிச்சேன்."

"நானும்" என்றாள் அக்ஷயா.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். கீழே பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இளஞ்செழியன், பேரைக் கேட்டேனே?" என்றார் முதலாளி.

"சார்... நல்லா யோசிச்சா, பசங்க மேல தப்பில்லை. சிஸ்டம் பழசு. மீட்டிங்கைக் காலையில வச்சிக்கிட்டா இந்த அலாரமெல்லாம் தானா நின்னுடும். இப்ப அடிக்கிறதை நான் நேர்லயே போய்ப் பார்க்கறேன். முடியறதுக்கு விடிஞ்சிடும் சார்."

'சரி, காலையிலேயே பேசிக்கலாம்' என்று முதலாளி திரையிலிருந்து மறைந்தார். அடுத்த நிமிஷம் இளஞ்செழியன் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியில் எதையோ பார்த்துவிட்டு கோபி ஜன்னலுக்கு ஓடினான்.

"சார்! செருப்பை விட்டுட்டுப் போறீங்க!"

"பௌர்ணமிக்கு மலை சுத்தப் போறவருக்குச் செருப்பு எதுக்குண்ணா?" என்றாள் அக்ஷயா, டிபன் பாக்ஸைத் திறந்தபடியே.