பாதிரியாருக்குக் கிடைத்த குவளை

அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த மதியம், பாதிரியார் பென்ஃபோல்டுக்கு எனாமல் குவளையில் தேநீர் வந்தது.

விளிம்பில் கறுப்பாகப் பெயர்ந்த குவளை. அண்ணன் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துக் குடித்தது.

மேஜரின் மனைவி கேக்கை மெல்லுவதை நிறுத்தினாள்.

"சூடு நல்லா நிக்குதே," என்றார் பாதிரியார். நல்ல வளர்ப்பு.

அவருக்காகத்தான் அண்ணியின் பூக்கோப்பைகள் இத்தனை வருடம் கண்ணாடி அலமாரியில் காத்திருந்தன. இங்கிலாந்தின் பழைய உஸ்டர் பீங்கான். கையால் தீட்டிய ரோஜாக்கள், தங்க விளிம்பு. யாரோ ஒரு சீமாட்டி குடித்தவையாம். அந்தச் சீமாட்டி அண்ணியின் பேச்சில் வருடத்துக்கு ஒரு படி பதவி உயர்ந்து, போன கிறிஸ்துமஸுக்கு டச்சஸ் ஆகிவிட்டாள்.

ஆறு கோப்பைகள். கழுவினால் ரோஜா வெளுத்துவிடும் என்று அண்ணி இறகால் தடவுவதோடு சரி. தோட்டத்து மண் ஒட்டிய கை என்று அவற்றைத் தொட அண்ணனை விட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சுக்குப் போவாள். அண்ணனுக்கு மட்டும் முழங்கால் வலி, மண்டியிட முடியாது. சனிக்கிழமை முழுக்க வெங்காயப் பாத்தியில் மண்டியிட்ட அதே முழங்கால்.

சற்று முன், முன்னறையில் ஐந்து விருந்தினர்கள் காத்திருக்க, அடுக்களையில் அவள் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் தந்தாள். நான் துடைத்தேன். நான்கு புத்தம் புதிதாக இருந்தன.

ஐந்தாவது, அலமாரியின் பின்வரிசையில் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் தங்கம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. இடது கையால் பிடித்தால் உதடு படும் இடம்.

அந்த வீட்டில் இடதுகைக்காரன் ஒருவன்தான். அவனைத்தான் அன்று காலை புதைத்தோம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பாத்தீங்களா அண்ணி, முழங்கால் வலியோட லட்சணத்த! நீங்க சர்ச்சுல பாட்டுப் பாடிக்கிட்டிருக்க, உங்க டச்சஸ் இங்க எங்க அண்ணன்கூட உக்காந்து டீ குடிச்சிருக்கா!"

அண்ணி திட்டவில்லை. அவள் கையில் ஆறாவது கோப்பை இருந்தது.

அதைக் கழுவாமலே, ஐந்தாவதை என்னிடமிருந்து வாங்கி, இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் குவளையை எடுத்து வந்தாள்.

பூட்டும்முன் நான் பார்த்துவிட்டேன்.

ஆறாவதில் தங்கம் தேயவில்லை. ஒரு உதடும் பட்டதில்லை. ஆனால் உள்ளே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஆண்பிள்ளை அவசரமாக அலசியதில் போகாத ஒரு வளையம். நிறைய ஊற்றி, யாரும் தொடாமல் ஆறி, அப்படியே கொட்டப்பட்ட தேநீரின் வளையம்.

நல்ல கறுப்பு.

அண்ணன் பாதிக்குப் பாதி பால் ஊற்றுவான். பாலே சேர்க்காமல் குடிப்பது அந்த வீட்டில் அண்ணி மட்டும்தான்.